நோற்பாரும் தாங்குவாரும்: நாள்முறை ஒழுங்கின் அறம் (ஐதராபாத் சான்றுகளை முன்வைத்து)

முன்னுரை

அறிவுப்பணியும் கலைப்பணியும் ஒருமுகப்பட்ட கவனத்தை வேண்டுவன. அக்கவனம் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. உறக்கம், உணவு, உடலுழைப்பு, ஓய்வு ஆகியன நாள்தோறும் முறைப்பட அமையும்போதே அது நிலைபெறுகிறது. இவ்வுண்மையை எடுத்துரைக்கும் அறிவுரை நூல்கள் இன்று மிகுந்துள்ளன. அவை நாள்முறை ஒழுங்கைப் பெரும்பாலும் தனிமனிதரின் மனவுறுதியாகவே காண்கின்றன. விடியலில் எழுபவர் தம் ஆக்கத்திற்குத் தாமே காரணர் என்பது அவற்றின் உட்கிடை.

ஆயின், ஒருவர் விடியலில் எழுந்து இரண்டு மணிநேரம் இடையூறின்றி எழுத வேண்டுமெனில், அவ்விரண்டு மணிநேரமும் அடுப்பைக் கவனிக்கவும், அழும் குழந்தையை எடுத்து ஆற்றவும், வாயிலில் வருவோருக்கு விடை சொல்லவும் வேறொருவர் வேண்டும். எழுதுபவரின் ஒழுங்கு போற்றப்படுகிறது; அவ்வொழுங்கைத் தாங்கியவரின் நாள் எங்கும் பதிவு பெறுவதில்லை. படைப்பிற்கும் கவனத்திற்கும் துணைசெய்யும் நாள்முறை ஒழுங்கு, அதனைக் கைக்கொள்பவரின் பண்பு மட்டுந்தானா, அன்றிப் பிறரிடம் பட்ட கடனுமாகுமா? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் அறநூல்களிலிருந்து ஓர் அளவுகோலைப் பெற்று, அதனை ஐதராபாத் நகரில் நிகழ்ந்த இரு சான்றுகளோடு பொருத்திக் காண்பது இதன் நெறி. இடையே கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஒருவரின் வாழ்வு ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தமிழ் அறநூல் மரபில் நாள்முறை

நாள்முறை ஒழுங்கினைத் தனிப்பொருளாக வகுத்துரைக்கும் தமிழ்நூல் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சார்ந்த இந்நூலைப் பெருவாயின் முள்ளியார் இயற்றினார். துயிலெழுதல், பல் துலக்கல், நீராடல், உண்ணல், உறங்கல் என ஒரு நாளின் செயல்கள் யாவும் இதில் வரன்முறைப்படுத்தப்பட்டுள்ளன. வைகறையில் எழுபவர் முதற்கண் செய்ய வேண்டுவது அன்று ஆற்றவிருக்கும் அறத்தையும் பொருளையும் எண்ணிப் பார்த்தல் என்கிறது இந்நூல். இன்றைய வழக்கில் இதனை அன்றைய பணியைத் திட்டமிடுதல் எனலாம். ஆனால் அடுத்த நிலையிலேயே தாய் தந்தையரைத் தொழுதல் இடம்பெறுகிறது. உண்ணும் முறையை வகுக்குமிடத்தும், விருந்தினர், முதியோர், ஆ, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு அளித்த பின்னரே உண்ணல் வேண்டும் என விதிக்கிறது. ஆகவே, இந்நூல் காட்டும் நாள்முறையில் பிறர் வெளியே நிற்பவரல்லர். அவர்கள் அம்முறையின் உறுப்புகள்.

இந்நூலின் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று. தூய்மை என்னும் பெயரால் சில மாந்தரை நோக்கத் தகாதவற்றின் வரிசையில் வைக்கும் விதிகளும் இதில் உள்ளன. ஒருவரின் ஒழுங்கு பிறரை விலக்குவதற்குரிய கருவியாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. எனவே ஒழுங்கு எனப்படுவன யாவும் அறமாகிவிடா. ஒழுங்கினை அளந்து காண்பதற்கு வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. அதனைத் திருக்குறள் தருகிறது.

வள்ளுவர் தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், தவத்தின் வடிவம் இன்னது என வரையறுக்கிறார். தமக்குற்ற துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை என்னும் இரண்டும் சேர்ந்ததே தவம் என்பது அதன் கருத்து. இவ்வரையறையில் இரு பாதிகள் உள்ளன. முதற்பாதியை மட்டும் கொண்டவர் வலிமையுடையவராகலாம், தவமுடையவர் ஆகார். அதிகாலையில் எழுதல், நாவை அடக்கல், கேளிக்கைகளைத் துறத்தல் ஆகியன அனைத்தும் முதற்பாதியைச் சேர்ந்தவை. அவற்றால் பிறர்க்கு யாது நேர்ந்தது என்னும் வினா இரண்டாம் பாதியைச் சேர்ந்தது.

அதே அதிகாரத்தின் மூன்றாம் குறள் இன்னொரு வினாவை எழுப்புகிறது. துறந்தார்க்கு உணவு முதலிய துய்ப்புப் பொருள்களை அளித்தற் பொருட்டுத்தான் இல்லறத்தார் தவம் செய்தலை மறந்தனரோ என்பது அவ்வினா. தவம் செய்பவர் ஒருவர் இருப்பின், அவர் உண்பதற்காகத் தம் தவத்தை விட்டுக்கொடுத்தவர் இன்னொருவர் இருக்கிறார் என்னும் உண்மையை இக்குறள் உணர்த்துகிறது. நோற்பாரின் புகழைச் சொல்லவந்த இடத்தில் தாங்குவாரையும் வள்ளுவர் நினைவுகூர்ந்திருப்பது கருதத்தக்கது.

மருந்து என்னும் அதிகாரமும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. மிகினும் குறையினும் நோய் தோன்றும் எனவும், முன் உண்டது செரித்தமை அறிந்து உண்பவரின் உடலுக்கு மருந்து வேண்டா எனவும் அவ்வதிகாரம் கூறும். இவை தனிமனித ஒழுங்கைச் சார்ந்தன. ஆனால் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவரும் ஒரு கூறாக எண்ணப்படுகிறார். உடல்நலம் பற்றிய கணக்கில் பணிவிடை செய்பவருக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு என்னும் இப்பார்வை, இக்கட்டுரையின் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். ஒழுங்கின் வருத்தத்தைப் பொறுப்பவர் யார்? அதனால் துன்புறுபவர் எவரேனும் உளரா? அதனைத் தாங்குபவர் யார், அவர்க்குரிய மதிப்பும் முறையும் கிடைத்தனவா?

உடலும் கவனமும்

நாள்முறை ஒழுங்கின் பயனை இன்றைய அறிவியல் உறுதிசெய்கிறது. உயிரினங்களின் உடலில் ஏறத்தாழ 24 மணிநேரச் சுழற்சியில் இயங்கும் உள்கடிகாரம் ஒன்றுண்டு. அதனை இயக்கும் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். உறக்கம், உடல்வெப்பம், சுரப்புகள், விழிப்பு ஆகியன இக்கடிகாரத்தைச் சார்ந்து ஏறி இறங்குகின்றன. வளர்ந்தோர் நாள்தோறும் ஏழு மணிநேரத்திற்குக் குறையாது உறங்குதல் வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. கிழமைக்கு 150 மணித்துளிகளேனும் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் பரிந்துரை.

படைப்பாற்றலோடு இவற்றுக்குள்ள தொடர்பையும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. 2004இல் செருமானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், எண்புதிர் ஒன்றின் மறைவான குறுக்குவழியை, இடையில் உறங்கி எழுந்தவர்களுள் கண்டறிந்தோர் தொகை, விழித்திருந்தவர்களுள் கண்டறிந்தோர் தொகையைக் காட்டிலும் இருமடங்கினும் மிகுதியாக இருந்தது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், அமர்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய கருத்துகள் மிகுதியாகத் தோன்றுவதைச் சோதனைவழி காட்டினர்.

இவ்வறிவியல் உண்மைகளுக்கு ஓர் அறப்பொருளும் உண்டு. உறக்கம் கவனத்தின் மூலப்பொருளெனில், உறக்கத்தை இழப்பவர் படைக்கும் வாய்ப்பையும் இழக்கிறார். இரவுப்பணியைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடியவற்றுள் ஒன்றாக உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே ஒருவரின் சீரான நாளுக்காக இன்னொருவரின் நாள் சிதையுமாயின், இழக்கப்படுவது ஓய்வுநேரம் மட்டுமன்று. உடல்நலமும் சிந்திக்கும் ஆற்றலுங்கூட இழக்கப்படுகின்றன.

முதற்சான்று: பேகம்பேட், 1897

ஐதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தை அடுத்த பேகம்பேட்டில், ரொனால்டு ராஸ் என்னும் ஆங்கிலேயப் படை மருத்துவர் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். மலேரியா பரவும் வழியை உலகம் அறிய இக்கண்டுபிடிப்பு வாயிலாயிற்று. 1902இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகஸ்டு 20 இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. அவர் பணிபுரிந்த கட்டடம் பேகம்பேட்டில் அவர் பெயரால் வழங்குகிறது.

ராஸ் தம் நினைவுக்குறிப்புகளில் அந்நாள்களின் உழைப்பை விரிவாகப் பதிந்துள்ளார். காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை சிறிய, வெப்பமிக்க அறையில் நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருந்தார். கொசு ஒன்றை முழுமையாக ஆராய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆயிற்று. அறையில் விசிறியை இயக்க அவர் இசையவில்லை; அறுத்து வைத்த கொசுக்களைக் காற்று அடித்துச் சென்றுவிடும் என்பதே காரணம். நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே கண்வில்லையும் விரிசலுற்றிருந்தது. அதே ஆண்டின் முற்பகுதியில் உதகமண்டலப் பகுதிக்குச் சென்றபோது அவரே மலேரியாவால் பீடிக்கப்பட்டார். கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாளில், பிற்பகல் வீடு திரும்பி ஒரு மணிநேரம் ஆழ்ந்து உறங்கியதாகவும், விழித்தபோது சிக்கல் தீர்ந்தது என்னும் தெளிவு பிறந்ததாகவும் அவர் குறித்துள்ளார். கண்ணால் கண்டது நண்பகலில். கண்டதன் பொருள் முழுமையாகத் துலங்கியது உறக்கத்திற்குப் பின்.

வள்ளுவர் கூறும் முதற்பாதி இங்கே ஐயத்திற்கிடமின்றி நிறைவேறுகிறது. விசிறி பற்றிய செய்தி தனித்துக் கருதத்தக்கது. அக்காலத்து ஆங்கிலேய அலுவலகங்களின் குளிர்ச்சி, வெளியே அமர்ந்து நாள்முழுதும் கயிறிழுத்த பணியாளரின் கைவலிமையால் அமைந்தது. அவ்வகையில் ஆட்சியாளர் பலரின் கவனம், பெயரறியாத ஒருவரின் தோளில் தங்கியிருந்தது. ராஸ் அந்நாள்களில் வெப்பத்தைத் தாமே பொறுத்தார். நோக்கம் ஆய்வு சார்ந்ததே எனினும், தம் கவனத்தின் விலையை அவ்விடத்தில் அவரே செலுத்தினார் எனலாம்.

இரண்டாம் பாதியைப் பொருத்திப் பார்க்கும்போது நிலை மாறுகிறது. கண்டுபிடிப்பிற்கு வாய்ப்பளித்த கொசுக்கள் உசேன் கான் என்னும் நோயாளியின் குருதியைக் குடித்தவை. ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் கொசுக்களுக்குத் தம் உடலைக் கொடுத்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. அவர் முன்பே மலேரியா நோயுற்றிருந்தவராதலின், அக்கடியால் புதிய நோய் அவருக்கு நேரவில்லை. ஆனால் அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1895இல், நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் மடிந்து கிடந்த நீரை நலமாயிருந்த சிலர்க்குக் கொடுத்து ராஸ் சோதனை செய்தார். கொசு கலந்த நீரால் மலேரியா பரவும் என்ற அன்றைய கருதுகோளைத் தேர்வதே அதன் நோக்கம். அக்கருதுகோள் பிழையானது எனப் பின்னர்த் தெரிந்தது. எனினும் நீரைக் கொடுத்தபோது நோய்வரக்கூடும் என்ற எதிர்பார்ப்புடனேயே அது கொடுக்கப்பட்டது. வறுமையுற்றோர் சிறுகூலிக்கு இசைந்த இசைவை முழு இசைவாகக் கொள்ளவியலுமா என்பது இன்றைய மருத்துவ அறவியலின் அடிப்படை வினா.

ஒன்றைப் போற்றுதல் வேண்டும். ராஸ் தம் குறிப்புகளில் உசேன் கானின் பெயரை எழுதிவைத்தார். அதனாலேயே, நூற்றாண்டுக்குப் பின்னும் அம்மனிதரைப் பற்றிப் பேச இயல்கிறது. தாங்கியவரின் பெயரைப் பதிதல் கடன் தீர்த்தலாகாது. ஆனால் கடன் உண்டு என ஒப்புதலின் முதற்படி அதுவே. விசிறிக் கயிறு இழுத்தவர்களுக்கு அப்படியும் கிடைக்கவில்லை.

ஒப்பீடு: கும்பகோணமும் கேம்பிரிட்சும்

ராஸின் நாள்முறையில் தாங்கியவர்கள் பெரும்பாலும் பணியாளரும் நோயாளரும். இல்லத்தார் தாங்கும் நிலையை அறிதற்கு சீனிவாச இராமானுசனின் (1887–1920) வாழ்வு உதவும். கும்பகோணத்தில் இளமையில் கணக்கில் ஆழ்ந்திருந்தபோது, சிந்தனை கலையாதிருக்கும் பொருட்டு வீட்டுப் பெண்டிர் சோற்றைப் பிசைந்து அவர் கையில் இட்டனர் என்பது அவர் வரலாற்றில் காணப்படும் செய்தி. அவ்வில்லத்தில் அவருடைய நாள்முறை அவரால் அமைக்கப்பட்டதன்று; அவரைச் சுற்றி அமைக்கப்பட்டது.

1914இல் கேம்பிரிட்சு சென்றபின் அத்தாங்குதல் இல்லாதொழிந்தது. மரக்கறி உணவை விடாத அவர் தாமே சமைத்துண்ண வேண்டியவரானார். முதல் உலகப்போர் உணவுத் தட்டுப்பாட்டை உண்டாக்கிற்று. உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் சிதறின. 1917இல் நோய்வாய்ப்பட்டு, பின் பல மருத்துவ நிலையங்களில் தங்க நேர்ந்தது. அந்நோய் காசநோய் எனக் கருதப்பட்டது. ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் எனப் பிற்காலத்தார் சிலர் கருதினர். எனவே நாள்முறைச் சிதைவே நோய்க்குக் காரணம் எனத் துணிதல் பொருந்தாது. ஆனால், இல்லத்தில் அவர் பெற்றது மனவுறுதியால் விளைந்த ஒழுங்கன்று, பிறர் தந்த கொடை என்பது அக்கொடை நீங்கியபோது தெளிவாகிறது.

1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் மறையும் வரை, இருபது அகவை அளவினரான மனைவி சானகி அம்மாள் அவருக்குப் பணிவிடை செய்தார். அவ்வோராண்டில் விளைந்தவையே பின்னாளில் ‘தொலைந்த குறிப்பேடு’ எனப் பெயர்பெற்ற கணிதத் தாள்கள். அவற்றின் பக்கங்களை உலகக் கணித அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். சானகி அம்மாள் பின்னர்த் திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் வாழ்வு நடத்தி, 1994இல் மறைந்தார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாகப் பணிவிடையாளரை எண்ணிய வள்ளுவரின் கணக்கில், அத்தாள்களிலும் அவருக்கு ஒரு பங்குண்டு எனக் கூறுதல் மிகையாகாது.

இச்சான்று மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. தம் உடல்நலத்தைப் பேணாதவரின் சுமையும் ஈற்றில் பிறர்மேலேயே இறங்குகிறது. படைப்பின் பெயரால் உடலை வருத்திக்கொள்வதைத் தியாகம் எனப் போற்றும் வழக்கு நம்மிடையே உண்டு. அத்தியாகத்தின் பின்னாள்களில் மருந்து கொடுப்பவரும் கடன் தீர்ப்பவரும் வேறாவர். ஆதலின் உடல்நலம் பேணுதல் தன்னலமன்று. தாங்குவார்மேல் சுமையைக் கூட்டாமையாகிய அறமுமாகும்.

இரண்டாம் சான்று: கச்சிபௌலி

மீண்டும் ஐதராபாத்திற்கு வரின், நாள்முறை ஒழுங்கிற்கு இக்காலத்தில் பெயர்பெற்ற இடம் அந்நகரின் மேற்குப் பகுதியான கச்சிபௌலியில் உள்ள புல்லேலா கோபிசந்த் இறகுப்பந்துப் பயிற்சிக் கழகம். 2001இல் அனைத்து இங்கிலாந்துப் பட்டம் வென்ற கோபிசந்த், அரசு அளித்த நிலத்தில், தம் குடும்ப வீட்டை அடகுவைத்தும் நன்கொடை பெற்றும் 2008இல் இதனை நிறுவினார். உடல்நலத்திற்கு ஒவ்வாதது எனக் கருதிக் குளிர்பான விளம்பரத்தில் தோன்ற மறுத்தவர் அவர். தாம் கொள்ளாத ஒழுங்கைப் பிறர்க்கு விதிப்பவரல்லர் என்பதற்கு இது சான்று.

விடியற்காலம் நாலரை மணியளவில் தொடங்கும் பயிற்சிக்கு இக்கழகம் பெயர்பெற்றது. இங்கே பயின்ற சாய்னா நேவால் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், பு.வெ. சிந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றனர். சிந்து சிறுமியாக இருந்தபோது, செகந்திராபாத்திலிருந்து நாள்தோறும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு போய்வந்து பயின்றார். அவர் பெற்றோர் இருவரும் கைப்பந்து வீரர்கள். விளையாட்டின் நாள்முறையை அறிந்தவர்கள். குழந்தையின் ஒழுங்கிற்கு முன்பாக எழுந்து ஆயத்தம் செய்தவர்களின் ஒழுங்கும் இவ்வெற்றியில் அடங்கியுள்ளது.

ரியோ போட்டி முடிந்தபின் ஒரு செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. போட்டிக்கு முன் மூன்று திங்களாகச் சிந்துவிடம் கைப்பேசி இல்லை. தயிரும் பனிக்கூழும் விலக்கப்பட்டிருந்தன. இனி அவற்றைத் திருப்பி அளிக்கலாம் எனப் பயிற்சியாளர் கூறினார். கவனத்தைச் சிதைக்கும் கருவியை அகற்றுதல் பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறவியல் நோக்கில் இங்கு எழும் வினா வேறு. பிறர் விதித்த துறவு தவமாகுமா?

இவ்வினாவிற்கு உடன்பாடாகவோ எதிர்மறையாகவோ ஒரு சொல்லில் விடையளித்தல் இயலாது. இருபத்தோர் அகவையினர் ஒருவர் தம் இலக்கினை அறிந்து, தம் ஆசிரியர்மீது நம்பிக்கை கொண்டு, தாம் தனித்து நின்று காக்கவியலாத ஓர் உறுதியைக் காக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பாராயின், அது அடிமைத்தனம் ஆகாது. குருகுல மரபின் உட்பொருளும் இதுவே. ஆயின், அவ்வொப்படைப்பு என்றும் மீட்டுக்கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். 2020க்குப் பின் சிந்து கச்சிபௌலி உள்விளையாட்டரங்கில், தென்கொரியப் பயிற்சியாளர் பார்க் டே-சாங்கின் வழிகாட்டலில் பயின்று, 2021இல் டோக்கியோவில் வெண்கலம் வென்றார். ஓரிடத்தில் கற்ற ஒழுங்கை வேறோரிடத்திற்கு ஒருவர் தம்முடன் எடுத்துச் செல்ல இயலுமாயின், அது விதிக்கப்பட்டது என்னும் நிலையைக் கடந்து அவருடையதாகிவிட்டது எனக் கொள்ளலாம். நல்லாசிரியர் விதிக்கும் ஒழுங்கின் பயனும் அதுவே.

கச்சிபௌலியின் விடியலில் இன்னொரு காட்சியும் உண்டு. அருகிலுள்ள மாதாப்பூரில் 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், அப்பகுதி தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் நகரமாக வளர்ந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இந்தியாவிற்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணிநேர வேறுபாடு. அங்குள்ளோர் பகலில் தடையின்றிப் பணிபுரிய, இங்குள்ளோர் சிலர் இரவில் விழித்திருக்கின்றனர். அவர்களை ஏற்றிச் செல்லும் வாடகையுந்து ஓட்டுநர்களும், வாயிற்காவலர்களும், துப்புரவுப் பணியாளர்களும் உடன் விழித்திருக்கின்றனர். விளையாட்டு வீரர் ஒழுங்கின் பொருட்டு எழும் அதே வேளையில், பிறருடைய ஒழுங்கின் பொருட்டு உறக்கம் இழந்தவர் வீடு திரும்புகிறார். இருவரும் உறக்கத்தைத் துறந்தவர்களே. ஒருவர் துறவு வெற்றிக்கதையாகிறது. மற்றவர் துறவு பணிநேர அட்டவணையாக முடிகிறது. துறந்தார்க்குத் துய்ப்புப் பொருள் அளிக்கத் தம் தவத்தை மறந்தவர் பற்றிய வள்ளுவரின் வினா இங்கே புதிய பொருள் கொள்கிறது.

மறுப்பும் விடையும்

இக்கருத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, பயன் பற்றியது. ராஸின் கண்டுபிடிப்பால் எண்ணற்றோர் உயிர்கள் காக்கப்பட்டன. அதன்முன் சிலரின் சிறு துன்பத்தைப் பெரிதுபடுத்துதல் தகுமா என வினவலாம். பயனின் பெருமை மறுக்கத்தக்கதன்று. ஆனால் பயன் பெரிது என்பதனால் கடன் இல்லை என்றாகாது; கடன் பெரிதாயிற்று என்பதே முறை. மேலும், விளையப்போகும் பயன் துன்பம் தரும் வேளையில் அறியப்படுவதில்லை. 1895இல் நீரருந்தியோரின் சோதனை பிழையான கருதுகோளுக்காகவே நிகழ்ந்தது. பின்னர் வந்த வெற்றியின் ஒளியை முன்னர் நடந்ததன்மேல் பாய்ச்சிப் பார்த்தல் நடுநிலையாகாது.

இரண்டாவது மறுப்பு, இயலுமை பற்றியது. தாங்குவார் அனைவர்க்கும் நீதி கிடைக்கும் வரை எவரும் தம் பணியில் ஆழக்கூடாது எனின், எந்நூலும் எழுதப்படாது, எக்கண்டுபிடிப்பும் நிகழாது எனலாம். இக்கூற்றில் உண்மையுண்டு. பிறரைச் சாராத வாழ்வு எவர்க்கும் இல்லை. ஆகவே இங்கு வேண்டப்படுவது சாராமையன்று, முறைமாற்றம். இன்று ஒருவர் எழுத மற்றவர் தாங்கின், நாளை மற்றவர் எழுத முன்னவர் தாங்குதல் வேண்டும். கூலிக்குத் தாங்குபவராயின், அவருடைய உறக்கமும் உடல்நலமும் கெடாதவாறு பணியும் ஊதியமும் அமைதல் வேண்டும். ஒருவரே என்றும் நோற்பவராகவும் மற்றவரே என்றும் தாங்குபவராகவும் நிலைத்துவிடுமிடத்தில்தான் ஒழுங்கு அறத்திலிருந்து வழுவுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. நாள்முறை ஒழுங்கும் உடல்நலப் பழக்கமும் கவனத்திற்கும் படைப்பிற்கும் இன்றியமையாதன. அவற்றைப் பேணுதல் தாங்குவார்மேல் சுமையைக் கூட்டாமையாகிய அறமுமாகும். ஆயினும் தன்வருத்தம் பொறுத்தல் மட்டும் ஒழுங்கினை அறமாக்காது. பிறர்க்கு வருத்தம் செய்யாமையும் உடன் வேண்டும். விதிக்கப்பட்ட ஒழுங்கு, விரும்பி ஏற்றதாகவும் மீட்டுக்கொள்ளத்தக்கதாகவும் இருக்குமளவிலேயே தவமெனத் தகும். எல்லா ஒழுங்கும் பிறர் தாங்குதலால் நிற்பதாகலின், அத்தாங்குதலை அறிதலும் முறைமாற்றி ஏற்றலும் ஒழுங்கின் பகுதியே.

இம்முடிவு தமிழாய்வுத் துறைக்கும் நெருக்கமானது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர்க்கும் நூலகத்தார்க்கும் பின், இறுதி வரியில், பெற்றோரும் துணைவரும் இடம்பெறுவது வழக்கம். திருமணத்திற்குப் பின் ஆய்வைப் பாதியில் நிறுத்திய பெண்களின் ஏடுகளுக்கு நன்றியுரைப் பக்கமே இல்லை. அவர்களுள் பலர் வேறொருவரின் ஆய்வேட்டு நன்றியுரையில் இறுதி வரியாக இருக்கக்கூடும். விடியலில் எழுந்து எழுத அமரும் ஆய்வாளர், தமக்கு முன்பே எழுந்துவிட்டவர் யார் என எண்ணிப் பார்ப்பதும், அவருக்கும் ஒரு விடியலை ஒழித்துக் கொடுப்பதும், ஆசாரக்கோவை கூறிய வைகறை எண்ணத்தின் இக்காலத் தொடர்ச்சியாக அமையும்.